உடம்படுமெய்

ஓவுலுவில் ஜனவரி. மைனஸ் இருபத்தேழு.
காலை பத்துக்கு வந்து
மூன்றுக்கெல்லாம் கடையைக் கட்டும் சூரியன்.
யாரும் குடியிருக்காத சோதனை வீட்டில்
ஐந்து நாள் அடைத்துவைத்தார்கள் எங்களை:
மின்மீட்டர் கம்பெனியிலிருந்து இல்தா கெம்பைனென்,
தெர்மோஸ்டாட் கம்பெனியிலிருந்து வௌட்டர் டைக்ஹவுஸ்,
குறிப்பெடுக்க நான்.

மீட்டர் பேசுவது ஜிக்பீ.
கருமி தந்தி அடித்ததுபோல்
எண்ணி எண்ணி நாலு சொல்.
தெர்மோஸ்டாட் வைஃபை. சந்தைக்கடை வாய்.
இரண்டுக்கும் இருப்பது ஒரே காற்று.
மீட்டர் சொன்ன நூறில் நாற்பது
கூடத்தைத் தாண்டுமுன் மூழ்கிப்போனது.
"உங்கள் பெட்டி கத்துகிறது" என்றாள் இல்தா.
"உங்களுடையது முணுமுணுக்கிறது" என்றார் வௌட்டர்.
இருவர் பையிலும் வக்கீல் கடிதம்:
எதையும் காட்டாதே, எதற்கும் தலையாட்டாதே.

மறுநாள் இல்தா தன் பேச்சை நகர்த்தினாள்,
கூட்டமில்லாத இருபத்தைந்தாம் தடத்துக்கு,
பேருந்தில் இன்னொருவருக்கு இடம்விட்டு
ஜன்னலோரம் ஒடுங்குவதுபோல்.
வௌட்டர் ஒன்றும் சொல்லவில்லை.
மாலையில் பார்த்தேன்,
தன் பெட்டியின் குரலை மூன்று டெசிபெல் தணித்திருந்தார்.
எழுதாதே என்று கண்ணால் சொன்னார்.
அன்று எழுதவில்லை.

புதனிரவு எல்லாச் சொல்லும் போய்ச் சேர்ந்தது.
சேர்ந்த சொல்தான் கெடுத்தது.
"பூஜ்ய மணிக்கு மின்சாரம் மலிவு" என்றது மீட்டர்,
கிரீன்விச் கடிகாரம் பார்த்து.
அதை நம்பிச் சுவர்க் கடிகாரம் பார்த்தது தெர்மோஸ்டாட்.
பின்லாந்தோ இரண்டு மணி முந்திய நாடு.
நள்ளிரவில், ஊரே ஹீட்டர் போட்டிருந்த
யானை விலை நேரத்தில்,
வெந்நீர்க் கலன் எழுந்து
முந்நூறு லிட்டரைச் சுடவைத்து
கடமை முடித்த நிம்மதியில் படுத்தது.

யார் மாறுவது?
மீட்டர் மாறாது, அது சட்டம்.
தெர்மோஸ்டாட் மாறாது,
பதினொரு நாட்டில் விற்றாயிற்று.
இருவரும் காபியை வெறித்தார்கள்.
நான் ஜன்னலை.

பனி. இரவு.
பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்
உயிரும் உயிரும் முட்டிக்கொள்ளும்.
இது குறையாது, அது திரியாது.
நடுவில் ஒரு ய் வந்து நிற்கும்:
பனியிரவு.
இந்தச் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும்
சொந்தமில்லாத எழுத்து.
தனியே பிரித்தால் காணாமல் போகும்.
உடம்படுமெய்.
உடன்படவென்றே ஒரு மெய்.

இதை அவர்களுக்கு எந்த மொழியில் சொல்ல?
சொல்லவும் தேவைப்படவில்லை.
செருப்பு அலமாரிமேல் சோப்புக்கட்டி அளவில்
ஒரு நுழைவாயில் பெட்டி கிடந்தது, யாருடையதும் இல்லை.
வௌட்டர் தட்டச்சினார்.
இல்தா தோளுக்குப் பின்னால் நின்று திருத்தினாள்.
வாங்கு, இரண்டைக் கூட்டு, கொடு.
"கோடையில் மூன்று" என்றாள்.
"கோடை வருமா இங்கே?"
முதல்முறையாகச் சிரித்தாள்.
வக்கீல் கடிதங்கள் பையில் தூங்கின.

வியாழன் மதியம்
காவலாளி ஆர்ரெ மைக்ரோவேவில்
பட்டாணி சூப் வைத்தார்.
இந்த நாட்டில் வியாழன் என்றால் பட்டாணி சூப்,
மறுபேச்சில்லை.
மூன்று நிமிடம் வீட்டுக்கே காது அடைத்தது.
மீட்டரும் ஊமை, தெர்மோஸ்டாட்டும் ஊமை.
தரநிலை ஆவணத்தின் எந்தப் பக்கமும்
ஆர்ரெயிடம் செல்லவில்லை.
ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தார்.

அன்றிரவு மணி இரண்டு.
சுவருக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.
இல்தா கோட்டோடு சோபாவில் தூங்கியிருந்தாள்.
எழுப்பப் போன வௌட்டர் பாதி வழியில் நின்றார்.
தண்ணீர் மெல்லச் சூடேறுவதை
நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

குறிப்பில் எழுதினேன்:
நேரம், தீர்ந்தது.
சூப், நிலுவை.